மஞ்சள் வைத்த ஸ்லைடு

நுண்மைக்குள் நுண்மையாய் ஒளிந்து நின்று, கண்ணுக்கு அகப்படாமல், கசிந்த நெஞ்சுக்கு மட்டும் வெளிப்படும் பெருமானின் திருவடியை முதற்கண் வணங்குகிறேன். அப்பெருமான் துணை நில்லாமல் இந்தக் கிழவன் கையில் ஒரு சொட்டு இரத்தமும் ஒழுங்காகப் பரவியதில்லை.

பரிசோதனைக் கூடத்துக்குள் மனம் விரும்பி நுழைந்த ஒருவரையும் என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. விடியலில் காப்பியும் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக அமர்ந்து, தம் பெயரை எப்போது அழைப்பார்கள் என்று காத்திருந்த அன்பர்களே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். நீங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மற்றபடி கவலை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற பின், காரைக்கால் கடைத்தெருவை ஒட்டிய சிறிய கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அதை நடத்துபவர் நோயறியும் துறையில் மேற்படிப்புப் படித்த இளம் டாக்டரம்மா. வரவேற்பு மேசையில் ஹமீதா. இவர்களோடு நான். எங்கள் வாயில் பொழுதெல்லாம் புழங்கும் சொல் 'ஸ்லைடு'. இரத்தத்தையோ சதைநீரையோ பரப்பி நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் சிறு கண்ணாடித் தகட்டுக்கு அதுதான் பெயர். எனக்கு இவ்வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பிரெஞ்சு வழியில் பயின்றவர். அவர் இதையே 'லாம்' என்பார். அவரோடு அந்தச் சொல்லும் போயிற்று. வழுக்கிக்கொண்டு போவதைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் எத்தனை பொருள்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதை, அண்மையில் ஒரு குடும்பத்தின் கவலையில் நாங்களும் பங்கெடுத்த நாட்களில்தான் கவனித்தேன்.

பக்கவாட்டில் போகும் கதவு

குளிர்சாதனம் வைத்தபோது எங்கள் வாசலுக்கு 'ஸ்லைடிங்' கதவு வந்தது. விழிதியூரிலிருந்து மாதந்தோறும் வரும் ஒரு பெரியவர், கதவு மாறியதை அறியாமல் ஒருநாள் வந்து நின்றார். தள்ளினார். இழுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தள்ளினார். பிறகு, நடை சாத்திய சன்னிதிமுன் நிற்பவர்போல இரு கைகளையும் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றுவிட்டார். ஹமீதா எழுந்துபோய் ஒற்றை விரலால் கதவை ஒதுக்கினாள்.

உள்ளே அழைத்து உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி, இரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்தவள் புருவத்தை உயர்த்தினாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "இந்தக் கதவோட மல்லுக்கட்டினதுல ஏறினதைக் கழிச்சிட்டு எழுதும்மா."

பரம்பு

கண்ணாடியில் இரத்தம் பரப்புவது கைப்பழக்கம். ஒரு தகட்டின் ஓரத்தில் சொட்டை வைத்து, இன்னொரு தகட்டைச் சாய்வாகப் பிடித்து அதைத் தொடவேண்டும். தொட்டவுடன் இரத்தம் விளிம்பு முழுதும் ஓடிக் கோடாக நிற்கும். அந்நேரம் தயங்காமல், அழுத்தாமல், ஒரே இழுப்பாகக் கொண்டுபோகவேண்டும். தயங்கினால் மேடு பள்ளம் விழும். இழுப்பு நன்றாக அமைந்தால் கடைசியில் தீச்சுடர் நுனிபோல மெலிந்து முடியும். ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லித்தான் இழுப்பது என் வழக்கம்.

நெடுங்காட்டிலிருந்து காய்ச்சலோடு வந்திருந்த விவசாயத் தொழிலாளி ஒருவர், நான் இழுப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். காய்ச்சலைக்கூட மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். "இன்னொண்ணு இழுங்க, பாப்போம்" என்றார். இழுத்தேன். நாற்றங்காலைச் சமப்படுத்தப் பரம்புப் பலகை அடிப்பதும் இதே கோணத்தில்தான் என்று கையைச் சாய்த்துக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தொடர்ந்து ஆராய்ந்துவிட்டு முடிவாகச் சொன்னார்: "எல்லாம் ஒண்ணுதாங்க. அங்க மாடு இழுக்கும், இங்க நீங்க இழுக்கிறீங்க."

ஹமீதாவின் ஸ்லைடு

கிளிஞ்சல்மேட்டிலிருந்து வசந்தா என்ற பெண் தன் கணவர் கலியமூர்த்தியோடும் மாமியாரோடும் வந்தாள். கலியமூர்த்தி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். வசந்தாவின் கழுத்தில், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. மெல்லிய ஊசியால் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி, கண்ணாடியில் பரப்பிப் பார்க்கவேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மாமியார் என்னிடம் தாழ்ந்த குரலில், "அந்த வியாதியாங்க?" என்று கேட்டார். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் வந்துவிடும் என்ற பயம். "பார்த்தால்தான் தெரியுங்கம்மா" என்றேன். எங்கள் தொழிலில் மனமறிந்து சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான்.

வசந்தாவுக்கு அடர்ந்த கூந்தல். குத்தவேண்டிய இடத்தில் மயிரிழைகள் வந்து வந்து விழுந்தன. ஹமீதா தன் முக்காட்டுக்குள் கைவிட்டு, கறுப்பு நிற ஸ்லைடு ஒன்றை உருவி எடுத்து, வசந்தாவின் கூந்தலைத் தூக்கிச் செருகினாள். டாக்டரம்மா கழுத்தில் குத்தினார். அதே வேளை நான் கையில் கண்ணாடி ஸ்லைடோடு நின்றேன். பெண்களின் தலையில் இருப்பதற்கும் என் கையில் இருப்பதற்கும் ஏன் ஒரே பெயர் என்று அப்போதுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. இதுவும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது என்பதாலா? விடை யோசிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. "வலிச்சுதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். வசந்தா கண்ணைத் திறந்தாள்: "ஊசி ஒண்ணும் பண்ணலங்க. இந்த அக்கா குத்துன ஸ்லைடுதான் மண்டைக்குள்ள ஏறிடுச்சு."

கணினிக்குள் போன கண்ணாடி

அந்தக் கண்ணாடிகளுக்கு நிறமேற்றி டாக்டரம்மாவின் நுண்ணோக்கியில் வைத்தேன். வழக்கமாகப் பார்த்தவுடன் வாயால் சொல்லி எழுதவைப்பவர், அன்று கண்ணை எடுக்கவே இல்லை. நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். தேநீர் ஆறிப்போயிற்று. கடைசியில், நிணநீர்க் கட்டியில் வரும் புற்றுநோயாக இருக்கலாம், உறுதியில்லை, இல்லை என்று தள்ளவும் முடியவில்லை என்றார்.

தம் ஆசிரியரிடம் கேட்க நினைத்தார். அவர் புதுவையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் இருப்பவர். கண்ணாடியில் தெரிந்த காட்சிகளைப் படமெடுத்து, கணினியில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். அவற்றுக்கும் ஸ்லைடு என்றே பெயர் என்று ஹமீதா சொன்னாள். என் கையால் பரப்பிய ஸ்லைடு ஒளிவடிவாகி இன்னொரு ஸ்லைடுக்குள் குடியேறியிருந்தது. ஊதா நிறப் புள்ளிகள் வானத்து மீன்கள்போலத் திரையில் நிறைந்தன. அவை ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்தவை என்ற நினைப்பு அந்த அழகை ரசிக்கவிடவில்லை.

ஆசிரியர் படங்களைப் பார்த்துவிட்டு, 'கண்ணாடியையே அனுப்பு' என்று ஒரு வரி பதில் போட்டார். இவ்வளவு தெளிவான படங்கள் போதாதா என்று எனக்குச் சற்றுக் குறை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "படத்துல இருக்கிறது நான் பாத்த இடம் மட்டுந்தானே ஐயா. நான் பாக்காம விட்ட இடத்தை அவர் பாக்கணும்."

சறுக்குமரத்தடியில்

மாலையில் கடற்கரையோரம் நடப்பேன். அங்கே குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒரு சறுக்குமரம் உண்டு. அதன் மேல் பளபளப்பான பலகை ஒன்றில் ஆங்கிலத்தில் 'ஸ்லைடு' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், அன்றுதான் படித்தேன். அதன் அடியில் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள் படியில் ஏறாமல், சறுக்கும் பக்கமாகவே ஏறி ஏறி வழுக்கி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தாயின் கழுத்துக் கட்டி அவளுக்குப் பொருட்டில்லை.

"கடலுக்குப் போகலையா?" என்றேன்.

"போகத் தோணலிங்க ஐயா. ஆளுங்க கூப்புடுறாங்க. கரையவிட்டுத் தள்ளினாலே நெஞ்சு அடைக்குது. நான் அங்க இருக்கறப்ப இங்க ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா..."

"புதுவையில் பார்க்கப் போகிறவர் பெரிய அனுபவசாலி."

"அவரு 'ஆமா அதுதான்'னு சொல்லிட்டா?"

எத்தனையோ பதிகங்களை மனப்பாடம் செய்தவன் நான். அந்த இடத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது, வழுக்கி விழுந்த குழந்தையின் முழங்கால் மணலைத் தட்டிவிடுவது ஒன்றுதான். மணலில் படகைத் தள்ளி இறக்கும் தடம் ஒன்று எங்களுக்கு முன்னே கடல்வரை போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்: "படகு நவுரலேன்னா ஊர்ல எத்தன பேர வேணும்னாலும் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லலாம். இதுக்கு யாரைங்க கூப்புடுறது?"

நான்கு மூலையிலும் மஞ்சள்

நிறமேற்றிய கண்ணாடிகளையும், நிறமேற்றாத உபரி ஒன்றையும் சிறு பெட்டியில் வைத்து அவர்களிடமே கொடுத்தனுப்புவது என்று முடிவாயிற்று. கீழே போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை, யாருக்கும் தோன்றியிருக்காது. மறுநாள் காலை, புதுவைப் பேருந்துக்குப் போகும் வழியில் டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ள மூவரும் வந்தார்கள். கை பரபரத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாடிக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள். எண் கீறிய இடத்தில் அந்த எண்ணே தெரியாதபடி கெட்டியாகக் குங்குமம்.

"என்னங்கம்மா இது?" என்றேன்.

மாமியாருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. "கல்யாணப் பத்திரிகைக்கே மஞ்சத் தடவி சாமிகிட்ட வெச்சுத்தானேங்க வெளிய கொடுக்கிறோம்? இது எம் மருமவ உசுரு. சும்மா தூக்கிக் கொடுத்துடுவனா?"

நிறமேற்றி, மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டி மூடியவற்றுக்கு ஆபத்தில்லை. மூடாத உபரிக் கண்ணாடியில்தான் மஞ்சள் ஈரம் கசிந்து, பரப்பின் விளிம்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எண் தெரியாவிட்டாலோ, அங்கே வாங்கவே மாட்டார்கள். யாருடைய கண்ணாடி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தேன். மாமியார் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஐயா! குங்குமத்தைத் துடைக்காதீங்க. கடலுக்குப் போற புள்ளையோட பொஞ்சாதி பேருக்கு வெச்சது. அதைப் போயித் துடைப்பாங்களா?" வசந்தாவின் கையும் தாலிச்சரட்டுக்குப் போயிருந்தது. டாக்டரம்மா உள்ளிருந்து வந்து, "நம்பர் தெரியலன்னா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. பஸ் வேற கிளம்பிடும்" என்று கெஞ்சினார். எனக்கும் உள்ளபடியே கை எழவில்லை. நெற்றியில் நீறில்லாமல் வாசல் தாண்டாதவன், சுமங்கலி பேரில் சாமிமுன் வைத்த குங்குமத்தை ஸ்பிரிட்டால் எப்படித் துடைப்பேன்?

அப்போது நாள்தோறும் நான் காணும் ஒன்று நினைவுக்கு வந்தது. சன்னிதியில் அம்மன் பாதத்துக் குங்குமத்தை யாரும் துடைப்பதில்லை. எடுத்து இட்டுக்கொள்கிறோம். "வசந்தாவே விரலால் எடுத்து இட்டுக்கொள்ளட்டும், இது பிரசாதம்தானே?" என்றேன். மாமியாரின் பிடி தளர்ந்தது. வசந்தா மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டெடுத்து நெற்றியிலும் வகிட்டிலும் தாலியிலும் வைத்தாள். மாமியாரும் ஒரு துளி எடுத்துக் கலியமூர்த்தியின் நெற்றியில் வைத்தார். மஞ்சளை வசந்தா தன் சரட்டில் தடவிக்கொண்டாள். எஞ்சியதை நான் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றி எடுத்தேன். பரப்பின்மேல் ஒரு துளியும் ஏறவில்லை. இன்னொரு வியப்பு: வைர முனையால் கீறிய எண்ணின் பள்ளங்களில் மட்டும் குங்குமம் தங்கி, மங்கலான எண் இப்போது செக்கச் செவேலென்று தெரிந்தது. பெட்டியை மூடி மாமியார் கையில் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு டாக்டரம்மாவைப் பார்த்து அனுமதி கொடுப்பதுபோலச் சொன்னார்: "சாமி பாத்துட்டாரு. இனிமே டாக்டருங்க பாக்கட்டும்."

சுருதி சேரும் இடம்

அவர்கள் போன பின் நாட்கள் நகரவில்லை. ஹமீதா, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதலில் என்னைப் பார்ப்பாள், பிறகுதான் எடுப்பாள். ஐந்து வேளைத் தொழுகையிலும் வசந்தாவுக்காகக் கேட்பதாகச் சொன்னாள். நான் மாலையில் கோயிலுக்குப் போய், ஓதுவாரின் எதிரில் தூணோரம் அமர்ந்துகொண்டேன்.

அன்று ஓதுவாரிடம் பாட்டுக் கற்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கீபோர்டும் கற்கிறாளாம். அவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விடுபடாமல் வழுக்கி இறங்குவதைக் கேட்டுவிட்டு, "இதை எங்க மிஸ் ஸ்லைடுன்னு சொல்லுவாங்கய்யா" என்றாள். நான் தூணைவிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடி, கூந்தல், கதவு, கணினி, கடற்கரைச் சறுக்குமரம் எல்லாம் போதாதென்று இப்போது பண்ணுக்குள்ளும் அந்தச் சொல் வந்துவிட்டதா? ஓதுவாருக்கு இது எதுவும் தெரியாது. தாளம் போட்ட கையை நிறுத்தாமலே அவளிடம் சொன்னார்: "பேரு என்ன வேணும்னாலும் வெச்சுக்கம்மா. இறங்குற எடத்துல சுருதி சேரணும், அவ்ளோதான்."

லட்டு

ஒருநாள் காலை, கூடம் நிறைந்திருந்த நேரத்தில் டாக்டரம்மாவின் கைபேசி அடித்தது. அவர் தம் அறைக்குள் நின்றே பேசினார். நாங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பேசி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எங்களைப் பார்த்ததும் மறுபடி எழுந்துவிட்டார். "புற்றுநோய் இல்ல ஐயா. கழுத்துக் கட்டியில வர்ற டிபி." அந்த உபரிக் கண்ணாடிக்குத் தனி நிறம் ஏற்றித் தேடியபோது கிருமியே கண்ணில் பட்டுவிட்டதாம். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் போதும், குணமாகிவிடும். ஹமீதா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை, எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை.

இரண்டொரு நாளில் மூவரும் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். ஸ்லைடிங் கதவைக் கலியமூர்த்தி தோளாலேயே ஒதுக்கிவிட்டார். மாமியார் யாரையும் கேட்காமல், காத்திருந்த வரிசையில் எல்லார் கையிலும் ஆளுக்கொரு லட்டு வைத்துக்கொண்டே போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் லட்டும் கையுமாகச் செய்வதறியாது அமர்ந்திருந்தார்கள். "என்ன விசேஷங்க? பேரப்புள்ளையா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். "எம் மருமவளுக்கு டிபிங்க!" என்று மாமியார் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். கேட்ட அம்மாளின் கை, வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லத் துண்டால் மூக்கை மூடினார். கழுத்துக் கட்டியில் வருவது பிறருக்குத் தொற்றாது என்று ஹமீதா வரிசை முழுதும் நடந்து நடந்து விளக்கவேண்டியதாயிற்று.

கலியமூர்த்தி எனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டார். விடிந்தால் கடலுக்குப் போகிறாராம், கூட்டாளிகளுக்குச் சொல்லிவிட்டாராம். கையுறையைக் கழற்றிக் கைகழுவி வரும்வரை லட்டை ஏந்தியபடியே நின்றார். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் நீர் நின்றது. "டிபின்னு சொன்னதுக்கு லட்டு கொடுக்கிற குடும்பம் இந்த ஒலகத்துல நாங்க ஒண்ணுதான் இருப்போம். எடுத்துக்குங்கய்யா."

இத்தனை பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் சமாளிக்கிறார்கள் என்றால், இத்தனை பேரின் பயத்துக்கும் ஒரே கூடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மூவர் சமாளிப்பதில் வியப்பொன்றும் இல்லை.

இதைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், கேட்டதைப் பிறர்க்குச் சொன்னவரும் எங்கள் வாசல் பக்கமே வரத் தேவையின்றி, நோய் நீங்கி, சுற்றம் சூழ நெடுங்காலம் இனிதிருக்க எம்பெருமான் அருள்புரிவானாக.